ஆயில் லீக் கண்டுபிடிக்கும் யூ.வி. டை கிட்: குமரி மாவட்ட வண்டிகளுக்கு உதவுமா?

காருக்கு அடியில் ஆயில் சொட்டினால் முதலில் பழி விழுவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சேம்பர் மேல், அடுத்து, இன்ஜினின் பின்முனை சீலைச் சொல்லி, "பின் சீல் போச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்." ஆனால் இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் ரப்பர் கேஸ்கெட்டில் கசிந்த ஆயிலும் இன்ஜினின் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில்தான் வந்து சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கேஸ்கெட் ஒரு மணி நேர வேலை, பின் சீல் ஒரு நாள் கூலி. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதால்தான் யூ.வி. டை கிட் வாங்கத் தகுந்தது.

கிட்டில் இருப்பவை ஆயிலில் கலக்கும் டை (புற ஊதா, அதாவது யூ.வி. வெளிச்சத்தில் ஒளிரும் சாயம்), ஊதா டார்ச், மஞ்சள் கண்ணாடி. வாங்கும்போது பாட்டிலைப் படியுங்கள். ஏ.சி. கேஸ் லீக் பார்க்கும் டை வேறு, இன்ஜின் ஆயில் டை வேறு.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நனைந்த ரோட்டில் தெறிக்கும் சேறு ஆயில் தடத்தை அடிப்பாகம் முழுக்க இழுத்துவிடும். ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து ஓடிவந்த வண்டியில் தடம் இன்னும் பின்னால் போயிருக்கும். குளச்சல், முட்டம் பக்கம் கரையோரமாகவே நிற்கும் வண்டிகளுக்கு வேறொரு தொல்லை: உப்புக்காற்று பட்டு, இரும்பில் செய்த ஆயில் சேம்பர் வெளியிலிருந்தே துருப்பிடித்து, பொருக்குக்கு அடியில் ஊசித்துளை விழும். வெறும் கண்ணுக்கு அது ஈரத் துரு. டை போட்டுப் பார்த்தால், அந்தப் பழுப்புக்கு நடுவே கடுகளவு பச்சை மஞ்சள் புள்ளி ஒளிரும், அதிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கும்.

முதல் வேலை சுத்தம் செய்வது. பிசுக்கு நீக்கும் டீகிரீசர் அடித்துக் கழுவி நன்றாகக் காயவிடாமல் டை ஊற்றினால் பணம் வீண். 4 லிட்டர் ஆயிலுக்குச் சுமார் 30 மில்லி போதும், பாட்டிலில் போட்ட அளவே கணக்கு. ஊற்றும் வாயில் ஒரு துளி சிந்தினாலும் அதுவே லீக் மாதிரி மின்னும், ஆகவே புனல் வைத்து ஊற்றி உடனே துடையுங்கள். இன்ஜினைச் சூடேற்றி 20 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். மெதுவான கசிவென்றால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் இருட்டான ஷெட்டில் பாருங்கள். ஒளிரும் தடத்தில் மிக உயரமான இடம் எதுவோ, அதுதான் ஊற்றுக்கண். சில வண்டிகளில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டும் பச்சையாக ஒளிரும். விரலில் தொட்டு, வழவழப்பா தண்ணீரா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

மலிவுக் கிட்டுகளின் குறை டார்ச்சில்தான். ஊதா வெளிச்சமே கண்ணை அடைத்துவிடும், மஞ்சள் கண்ணாடி போடாமல் மெல்லிய கசிவு தெரியாது.

இடம் தெரிந்த பிறகு செய்யும் ரிப்பேரில்தான் பல பேர் சறுக்குகிறார்கள். டேப்பட் கவர் என்றால் பழைய ரப்பரை விரலால் வளைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தால் ஆயுள் முடிந்தது, போல்ட்டை இறுக்கிப் பயனில்லை. புது கேஸ்கெட்டோடு ஸ்பார்க் பிளக் குழி சீல்களையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆயில் குழிக்குள் நிறைந்து, பிளக் சரியாகப் பற்றாமல் மிஸ்ஃபயர் வரும். சிலிக்கான் பேஸ்ட்டைச் சுற்றிலும் பிதுக்கக் கூடாது, இன்ஜின் முகப்பு மூடியான டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் மூலையில் மட்டும் சிறு துளி. உள்ளே பிதுங்கும் பேஸ்ட் பிய்ந்து விழுந்தால் சேம்பரில் உள்ள ஆயில் வடிகட்டியை அடைத்து, இன்ஜினையே கொண்டுபோய்விடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தடவையில் இறுக்குங்கள். சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் 8 முதல் 11 நியூட்டன் மீட்டர் போதும், உங்கள் வண்டியின் அளவை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். பலம் போட்டு முறுக்கினால் கவர் வளைந்து மறுபடி ஒழுகும்.

புது சீல் போட்டும் சில மாதத்தில் ஒழுகினால் சீலைக் குறை சொல்லுமுன், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். அது அடைத்தால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான சீல் வழியே ஆயிலைத் தள்ளும். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது (ஐடிலில்) ஆயில் மூடியைத் திறந்து, அந்தத் திறப்பின் மேல் ஒரு அட்டையை வையுங்கள். பல பெட்ரோல் இன்ஜின்களில் அது அட்டையை மெல்ல உறிஞ்ச வேண்டும். உள்ளிருந்து வரும் காற்று அட்டையைத் தூக்கினால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ கோளாறு. இதை டை காட்டாது. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் ஆயில் குறைந்து புகையாகப் போகும் வண்டிக்கும் இந்தக் கிட் உதவாது.

ரிப்பேர் முடிந்ததும் அதே டையே மறுசோதனைக்கு ஆகும், புதிதாக ஊற்ற வேண்டாம். பேஸ்ட் காய 24 மணி நேரம் விட்டு, பழைய தடத்தைத் துடைத்து, 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடியுங்கள். அடுத்த ஆயில் மாற்றும் வரை அது ஆயிலில் இருக்கும்.