வெரிகோஸ் காலுக்கு ஸ்டாக்கிங்ஸா, கிரேப் பேண்டேஜா?

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பதினாறு வருடமாக நிற்கிற கால் என்னுடையது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள், எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது, இப்போது அதில் புடவைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் முதலில் சாயந்திர வீக்கம், அப்புறம் துருப்பிடித்த தகரம் மாதிரி ஒரு கறுப்பு, அரிப்பு. படை என்று நினைத்து ஆறு மாதம் களிம்பு பூசினேன். படையே இல்லை. வெரிகோஸ்தான் இது. நரம்பு சுருட்டல் என்கிறோமே தவிர நரம்புக்கு இதில் வேலையில்லை; மேலே ஏற வேண்டிய ரத்தம் குழாயின் வால்வு கெட்டுக் கீழேயே தேங்குகிறது, கசிகிற சிவப்பணுக்களின் இரும்புதான் தோலில் கறையாகத் தங்குகிறது. தேக்கத்தைக் களிம்பு என்ன செய்யும்? காலை அழுத்திப் பிடித்தால்தான் உண்டு.

கிரேப், அதாவது இழுத்துச் சுற்றுகிற துணிக்கட்டு, மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அழுத்தம் கட்டுகிற கையைப் பொறுத்தது. விரலடியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி மேலே ஏற்றி முழங்காலுக்குக் கீழே முடிக்கவேண்டும். நான் கட்டினால் மதியத்துக்குள் சரிந்து கணுக்காலில் கயிறு மாதிரி இறுக்கும், அது கட்டாமல் இருப்பதைவிட மோசம்.

ஸ்டாக்கிங்ஸ் என்கிற இறுக்கமான காலுறையில் அந்தத் தொல்லை இல்லை, கணுக்காலில் அதிகமும் மேலே போகப்போகக் குறைவுமாக அழுத்தம் அதிலேயே நெய்திருக்கும். வீக்கம் ஏறுமுன், காலையிலேயே அளவெடுத்து வாங்கவேண்டும். போடுவதுதான் குஸ்தி: கட்டிலை விட்டு இறங்குமுன், குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையோடு நீவி ஏற்றினால் ஏறும். கடலூர்ப் புழுக்கத்தில் முதல் வாரம் அழுகையே வந்தது, சரி, பழகிவிட்டது.

என் ஓட்டு ஸ்டாக்கிங்ஸுக்குத்தான். தோல் நீர் விட்டாலோ புண் ஆனாலோ மட்டும் கட்டு, அதுவும் தெரிந்த நர்ஸ் கையால். சாதாரண கிரேப் அங்கே போதாது, அடுக்கடுக்காகக் கட்டுவார்கள். எதைப் போடுவதானாலும் முதலில் பாதத்துக்கு ரத்தம் சரியாக வருகிறதா என்று டாக்டரிடம் பார்த்துவிடுங்கள், சர்க்கரை உள்ளவர்களும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் கட்டாயம், தமனியில் அடைப்பு இருக்கும் காலை இறுக்கினால் கால் அழுகிப்போகும்.

வாங்கும்போது இரண்டு ஜோடியாக வாங்குங்கள், ஐப்பசி மழையில் ஒன்று காய இரண்டு நாள் ஆகிறது.