பூனைக்குட்டிய எடையே போடாம வைத்தியம் பாத்த கிளினிக்: 2,950 ரூபா போச்சு, குட்டியும் போயிருக்கும்

சென்னையில குட்டிங்கள ஃபாஸ்டர் பண்றவங்க (அதாவது தத்துப் போற வரைக்கும் வீட்டுல வச்சு பாத்துக்கறவங்க) ஒரு ரெண்டு நிமிஷம் ஒதுக்கி இத படிச்சிருங்க. கிளினிக் பேரு போடல, போட்டா வேற தலைவலி வரும்னு வீட்டுல சொல்றாங்க.

போன மாசம் எங்க தெருவுல ரெஸ்க்யூ பண்ற அக்கா ஒரு கறுப்புக் குட்டிய கொண்டுவந்து "ரெண்டு வாரம் வச்சுக்கோம்மா, எடை ஏறினதும் அடாப்ஷன் பாத்துக்கலாம்"னு குடுத்துட்டுப் போனாங்க. கடுகுன்னு பேரு வச்சோம், வச்ச நேரமோ என்னவோ கடுகாவே இருந்துச்சு. தடவுனா முதுகெலும்பு ஒவ்வொண்ணா கையில தட்டுது, வயிறு மட்டும் பலூன் கணக்கா உப்பி இருக்கு, வயித்தால வேற போயிட்டே இருக்கு. பயந்துபோயி பக்கத்துல இருக்குற, ஏசி எல்லாம் போட்டு பளபளன்னு இருக்குற கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடினேன்.

அங்க டாக்டர் குட்டிய ஒரு கையால தூக்கிப் பாத்துட்டு "ஒரு மாசக் குட்டி மேடம், இந்த சைஸ்தான் இருக்கும், வொர்ரி பண்ணாதீங்க"ன்னாரு. தராசு மூலையிலதான் இருந்துச்சு, அதுமேல ஃபைல அடுக்கி வச்சிருந்தாங்க. "ட்ரீட்மென்ட் ரூம்"னு உள்ள ஒரு ரெண்டு நிமிஷம் தூக்கிட்டுப் போயி வந்தாங்க, என்னைய வெளியவே நிக்கச் சொல்லிட்டாங்க. பில்லுல கன்சல்டேஷன், வேக்சின், டீவார்மிங் (பூச்சி மருந்து), ஒரு லிவர் டானிக், "கிட்டன் மில்க்" பவுடர்னு மொத்தம் 2,150. பவுடர் டப்பால வரல, பேரு கிடையாது எக்ஸ்பைரி கிடையாது, வெறும் ஜிப் கவர்ல கட்டிக் குடுத்தாங்க. கேட்டா "பல்க்கா வாங்கி பிரிச்சுக் குடுக்குறோம்"னு பதில். நானும் தலையாட்டிட்டு வந்தேன் பாருங்க, அத நினைச்சாதான் இன்னும் எரியுது.

வீட்டுக்கு வந்து கார்ட பாத்தா எடை 0.5 கிலோன்னு எழுதிருக்கு. எடையே போடாம எப்படிடா எழுதுனீங்கன்னு சமையல்கட்டுல மாவு நிறுக்குற டிஜிட்டல் தராசுல ஒரு எவர்சில்வர் பாத்திரத்த வச்சு அதுல கடுக உக்கார வச்சா 390 கிராம். தினமும் காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி எடை போட்டு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். வளர்ற குட்டி நாளைக்கு 10 கிராமாவது ஏறணும்னு அக்கா சொல்லிருந்தாங்க, இது ஒரு நாள் 4 ஏறும் மறுநாள் 6 இறங்கும். அந்தப் பவுடர் குடிச்சதுல இருந்து வயித்தால போறது இன்னும் ஜாஸ்தி. எனக்கென்னமோ டீக்கடைல போடுற சாதா பால் பவுடர் வாசனைதான் வந்துச்சு. திரும்பப் போனா இன்னொரு டானிக், 800 ரூபா. அப்பவும் தராசு பக்கம் யாரும் போகல.

ஒன்பதாம் நாள் ராத்திரி 2 மணிக்கு எந்திரிச்சு பாத்தா துவண்டு கிடக்கு, காது கால் எல்லாம் ஜில்லுன்னு இருக்கு. பதட்டத்துல சிரிஞ்சுல பால எடுத்துட்டேன், நல்லவேளை அக்காவுக்கு போன் போட்டேன். "ஜில்லுன்னு இருக்கும்போது வாய்ல எதையும் ஊத்திராத, ஜீரணமும் ஆகாது புரையேறிரும், மொதல்ல சூடு பண்ணு"ன்னு கத்தினாங்க. பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி துண்டுல சுத்தி பக்கத்துல வச்சு, ஈறுல குளுக்கோஸ் தண்ணிய விரலால தொட்டுத் தொட்டு தடவிட்டு விடியுற வரைக்கும் மடியில வச்சுட்டே உக்காந்திருந்தேன். அஞ்சு மணிக்கு மியாவ்னு ஒரு சத்தம் வந்துச்சு, அப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு.

காலைல நேரா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. கூட்டம்தான், நாய்ங்க கத்துற சத்தத்துல கடுகு என் துப்பட்டாக்குள்ளயே சுருண்டுக்குச்சு. ஆனா மொத வேலையா எடை போட்டாங்க, 402. அப்புறம் வாயத் திறந்து பாத்துட்டு அந்த டாக்டரம்மா "பின்பல்லு எல்லாம் வந்துருச்சே, இது ரெண்டு மாசத்த நெருங்குதும்மா, வாரத்துக்கு 100 கிராம்னு வச்சாக்கூட 700 இருக்கணும்"னாங்க. அதாவது குட்டி சின்னதா இருக்குன்னு வயசையே குறைச்சுச் சொல்லி எடை சரின்னு அனுப்பிருக்காரு அந்த மனுஷன்.

நான் டப்பால கொண்டுபோன மலத்த மைக்ரோஸ்கோப்ல பாத்தா உருண்டைப் புழு முட்டை நிறைய. பூச்சி மருந்து ஒரு டோஸ்ல மொத்தமா போயிராதாம், அதனால கிளினிக்ல குடுக்கவே இல்லன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா வேக்சின் கார்ட பாத்துட்டு "ஸ்டிக்கர் எங்க? எந்த கம்பெனி, எந்த பேட்ச்?"னு கேட்டாங்க. ஊசி மருந்து குப்பில இருக்குற ஸ்டிக்கர கார்டுல ஒட்டணுமாம், இதுல பேனாவால தேதி மட்டும்தான் இருக்கு. போடாத மாதிரிதான் கணக்கு, உடம்பு தேறினப்புறம் மொதல்ல இருந்து போடணும்னுட்டாங்க. இப்படி வத்திப்போயி வயித்தால போயிட்டு இருக்குற குட்டிக்கு ஊசியே தள்ளிதான் போட்டிருக்கணுமாம்.

எடைக்கு ஏத்த அளவுல பூச்சி மருந்து குடுத்தாங்க, பால நிறுத்திட்டு குட்டிங்களுக்கான வெட் ஃபுட் கொஞ்சம் கொஞ்சமா அஞ்சு வேளை வைக்கச் சொன்னாங்க. மறுநாளே நூடுல்ஸ் மாதிரி புழு வந்து விழுந்துச்சு. அன்னைக்கு பெரிய செலவே ஆட்டோதான்.

கிளினிக்ல போயி கேட்டதுக்கு "ஒரு தெருப்பூனைக்கு போயி இவ்ளோ கணக்கு பாக்குறீங்களே மேடம்"னு சிரிக்கிறாங்க. ரீஃபண்டும் இல்ல, ஸ்டிக்கரும் இல்ல.

கடுகு இன்னைக்கு காலைல 596. பூச்சி மருந்து ரெண்டாவது டோஸ் வியாழக்கிழமை. அந்தப் பவுடர் கவர பில்லோட சேத்து பீரோல வச்சிருக்கேன்.