காலி வீதியில் நோர்டிக் நடைக்கோல்கள்: நெடுந்தூர அணி நடைபவனிக்கு வாங்கத் தகுந்தவையா?

காலிமுகத்திடலிலிருந்து களுத்துறை வரையான சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தை, புற்றுநோயாளர்களின் மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டும் நடைபவனி ஒன்றில் நால்வர் அணியாக நடந்து முடித்த பின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். எமது அணியில் அனைவரும் நோர்டிக் நடைக்கோல்களுடனேயே, அதாவது இரு கைகளிலும் பிடித்துப் பின்னால் தள்ளி நடக்கும் சோடிக் கோல்களுடனேயே நடந்தோம். இருவரிடம் நீளத்தை மாற்றக்கூடிய அலுமினியக் கோல்கள் இருந்தன. மற்ற இருவரிடம் ஒரே துண்டாலான காபன் கோல்கள் இருந்தன. உயரம் ஒத்தவர்கள் பயிற்சிக் காலத்தில் அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதால், இரண்டு வகையைப் பற்றியும் ஓரளவு உறுதியுடன் சொல்ல முடிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெடுந்தூர நடைபவனிக்கு இந்தக் கோல்கள் வாங்கத் தகுந்தவைதான். ஆனால் காபனா அலுமினியமா என்ற கேள்வியை விட, கையில் மாட்டும் பட்டியும் நுனியில் பொருத்தும் றப்பர் பாதமும் கோலின் நீளமும் சரியாக அமைவதே முக்கியம். இந்த மூன்றில் ஒன்று பிழைத்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோலும் பத்தாவது கிலோமீற்றருக்குப் பின் சுமையாகிவிடும்.

கொழும்பில் விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடைகளில் நடைக்கோல் என்று கேட்டால் பெரும்பாலும் மலையேறுவோருக்கான கோல்களையே எடுத்துக் காட்டுகிறார்கள். சிவனொளிபாத மலைக்கோ ஹோட்டன் சமவெளிக்கோ செல்வோருக்கு அவை நல்ல துணை. நோர்டிக் நடைக்கு அவை பொருந்தா. மலையேறும் கோலின் மணிக்கட்டுப் பட்டி வெறும் வளையம். அந்தக் கோலை முன்னால் ஊன்றி உடலின் எடையை அதில் தாங்குவதே அதன் பயன்பாடு. நோர்டிக் கோலின் பட்டியோ விரல்களற்ற அரைக் கையுறை போன்றது. பெருவிரலைச் சுற்றி உள்ளங்கையை இறுகப் பற்றியிருக்கும். கோல் பின்னோக்கிச் சாய்ந்தபடியே நிலத்தைத் தொட, நடப்பவர் அதைப் பின்னால் தள்ளித் தன்னை முன்னே செலுத்துகிறார். கை இடுப்பைக் கடந்து பின்னே போகும்போது விரல்கள் பிடியை விட்டுவிட வேண்டும். அப்போது கோலைக் கையுடன் இணைத்து வைத்திருப்பது அந்தப் பட்டி மட்டுமே. பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத கோடை மாதங்களில் உடற்றகுதியைக் காத்துக்கொள்ளப் பின்லாந்தில் செய்துவந்த பயிற்சியிலிருந்து பிறந்த முறை இது. அந்நாட்டின் எக்செல் நிறுவனம் 1997இல் இதற்கென்றே வடிவமைத்த கோலை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னரே பொதுமக்களிடம் பரவலாயிற்று. சறுக்குக் கோலின் இயக்கம் அப்படியே இதில் தொடர்வதால், பட்டி சரியில்லாத கோலை வைத்து இந்த நடையைப் பழகவே முடியாது.

எமது அணிக்கான கோல்கள் சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் வாழும் உறவினர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்தவை. அங்கே பெரியவர்கள் பலரும் பூங்காக்களில் இக்கோல்களுடன் நடப்பதால், நல்ல தெரிவுகள் இலகுவாகக் கிடைக்கின்றன. ஆனால் இவ்வழியில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரே துண்டாலான 110 சென்றிமீற்றர் கோல் சாதாரணப் பிரயாணப் பெட்டிக்குள் அடங்காது. அதைத் தனியே நீளமான பொதியாகக் கட்ட வேண்டும். விமானத்தின் பயணிகள் அறைக்குள் கூரிய நுனியுள்ள கோல்களைக் கொண்டுவரப் பொதுவாக அனுமதி இல்லை. மூன்று துண்டுகளாக உள்ளிழுத்துச் சுருக்கும் வகை பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பதால், வெளிநாட்டிலிருந்து வருவிப்போர் பலர் அதையே கேட்கிறார்கள். அதன் விலையை நடக்கும்போது செலுத்த வேண்டியிருக்கும் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நீளத்தைத் தெரிவுசெய்வது கடினமான காரியமன்று. உயரத்தைச் சென்றிமீற்றரில் எடுத்து 0.68ஆல் பெருக்கி, வரும் விடையை அருகிலுள்ள ஐந்தின் மடங்குக்குச் சரிசெய்தால் போதும். 165 சென்றிமீற்றர் உயரமுள்ளவருக்கு 110, 155 உள்ளவருக்கு 105 என்று அமையும். கோலை நேராக நிறுத்திப் பிடித்தால் முழங்கை ஏறக்குறையச் செங்கோணத்தில் மடிந்திருக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கு இடையில் நிற்பவர்களும் புதிதாகப் பழகுபவர்களும் குறைந்த அளவையே எடுப்பது நல்லது. நீளம் கூடிய கோல் தோள்பட்டையை ஒவ்வோர் அடியிலும் மேலே உயர்த்துகிறது, அந்த வலி மறுநாள்தான் தெரியும்.

இனிக் கோல்களின் தண்டு. காபன் கோல் இலேசானது. அதைவிட முக்கியமாக, கடினமான தரையில் ஊன்றும் அதிர்வை மணிக்கட்டுக்கு அவ்வளவாகக் கடத்துவதில்லை. காபன் என்று விற்கப்படும் பல கோல்களில் கண்ணாடி இழையும் கலந்திருக்கும். தண்டிலேயே காபனின் வீதம் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், வாங்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளலாம். எமது அனுபவத்தில் நூறு வீதக் காபனுக்குப் பெருந்தொகை செலவிடத் தேவையில்லை. பாதியளவு காபன் கலந்த கோலே நாள் முழுவதும் நடக்கப் போதுமானதாக இருந்தது. அலுமினியக் கோல் சற்றுப் பாரமானது, கரடுமுரடாகக் கையாண்டாலும் வளைந்து கொடுக்குமேயன்றி இலகுவில் முறியாது. பஸ்ஸின் பொருள் தட்டிலும் முச்சக்கரவண்டியின் பின்புறத்திலும் கிடந்து அடிபடும் கோலுக்கு இது ஒரு பெறுமதியான குணம்.

நீளம் மாற்றும் பூட்டுத்தான் அலுமினியக் கோல்களில் எமக்கு ஏமாற்றம் அளித்தது. ஒரு சோடியில் உள்ளே விரியும் திருகுப் பூட்டு இருந்தது. வியர்வையும் கடற்காற்றின் உப்பும் மழைநீரும் உள்ளே இறங்கியதால், பாணந்துறையை நெருங்கும்போது அது அழுத்தத்துக்கு வழுக்கத் தொடங்கியது. ஒரு கோல் குறுகிப்போனால் நடையின் சமநிலையே குலைந்துவிடும். மற்றச் சோடியில் வெளிப்புறமாக மடக்கி இறுக்கும் நெம்புப் பூட்டு இருந்தது. அது கடைசிவரை அசையவில்லை. ஆகவே நீளம் மாற்றும் கோல்தான் வேண்டுமென்போர் நெம்புப் பூட்டு உள்ளதை மட்டும் வாங்குங்கள். நடந்து முடிந்ததும் துண்டுகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்தே மீண்டும் பொருத்த வேண்டும். கரையோர நகரத்தில் இதைத் தவறவிடக் கூடாது. எனக்கென்று இன்னொரு சோடி வாங்க நேர்ந்தால் ஒரே துண்டுக் கோலையே வாங்குவேன். பூட்டே இல்லாததில் வழுக்க எதுவும் இல்லை.

பட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எமது வெப்பத்தில் அதுவே முதலில் தொல்லை தருகிறது. இடது, வலது எனப் பிரித்துக் குறிக்கப்பட்ட, அளவுக்கேற்பத் தெரிவுசெய்யக்கூடிய, பிடியிலிருந்து ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றக்கூடிய பட்டியே தேவை; லெக்கி நிறுவனம் பிரபலப்படுத்திய இந்தக் கழற்றும் அமைப்பு இப்போது வேறு தயாரிப்புகளிலும் வருகிறது. கழற்ற முடியாத பட்டியுடன் நடப்பவர் தண்ணீர் குடிக்கவும் முகம் துடைக்கவும் தொலைபேசியை எடுக்கவும் ஒவ்வொரு தடவையும் வெல்க்ரோவைப் பிரித்து ஒட்ட வேண்டும். களுத்துறைப் பாதையில் செவ்விளநீர்க் கடைகளைக் கண்டும் நிற்காமல் போக மனம் வருமா? கழற்றக்கூடிய பட்டி கையிலேயே இருக்க, கோலை மட்டும் சுவரில் சாய்த்துவிட்டு இளநீரைக் கையில் எடுக்க முடிந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள மடிப்பில் பட்டி உராய்ந்து கொப்புளம் வருவது வழமை. நடைக்கு முன் அந்த இடத்தில் ஒட்டுப்பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்வதும், பட்டியை அன்றன்றே கழுவுவதும் போதிய தீர்வாக இருந்தன.

கோலின் நுனியில் தங்ஸ்தன் காபைட்டாலான கூர்முனை இருக்கிறது. புல்லிலும் மண்ணிலும் அது நன்றாகப் பற்றும்; தார் வீதியில் வழுக்கும், சத்தமும் எழுப்பும். ஆகவே நகரத்தில் சப்பாத்து வடிவிலான றப்பர் பாதத்தைக் கட்டாயம் மாட்ட வேண்டும். அந்தச் சிறு சப்பாத்தின் முனை பின்னோக்கி இருக்கவேண்டும். முன்னோக்கி மாட்டியிருப்பவர்களை நடைபவனியிலேயே பலராகக் கண்டோம். அப்படி மாட்டினால் றப்பரின் விளிம்பு மட்டுமே தரையைத் தொட்டு விரைவில் தேய்ந்துவிடும். மழை நனைத்த வழுவழுப்பான நடைபாதை ஓடுகளில் றப்பரும் நம்பத்தக்கதன்று. வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் இடையே கடை வாசல்களில் பதித்திருக்கும் ஓடுகள் அத்தகையவை. அங்கே கோலை அழுத்தாமல் தூக்கிக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

விற்பவர்கள் இந்தக் கோல்கள் கூடுதல் சக்தியை எரிக்கும் என்றும் நடையை இலகுவாக்கும் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டும் ஒருங்கே எப்படிப் பொருந்தும் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள கூப்பர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோலின்றி அதே வேகத்தில் நடப்பதை விடக் கோலுடன் நடக்கும்போது ஒட்சிசன் நுகர்வு சராசரியாக 20 வீதம் கூடியது. ஆனால் நடந்தவர்கள் உணர்ந்த களைப்பு அந்த அளவுக்குக் கூடவில்லை. வேலை கால்களிடமிருந்து மேற்கை, தோள், முதுகுத் தசைகளுக்கும் பங்கிடப்படுவதே இதற்குக் காரணம். எனவே கோல் சக்தியை மிச்சப்படுத்தித் தரும் என்று எண்ணி வாங்கக் கூடாது. மொத்தச் செலவு கூடும், உணவும் நீரும் அதற்கேற்பக் கூட வேண்டும். எமது அணி முழு அழுத்தத்துடன் தள்ளுவதை முற்பகல் ஏழு எட்டு மணிவரை வைத்துக்கொண்டு, வெயில் ஏறியபின் தாளத்துக்காக மட்டும் இலேசாக ஊன்றி நடந்தது. மொரட்டுவைக்குப் பிறகு பாதங்கள் கனக்கத் தொடங்கியபோது, நிமிர்ந்த முதுகுடன் தொடர்ந்து நடக்க வைத்தது அந்தத் தாளமே. நெடுநேரம் கைகளைத் தொங்கவிட்டு நடந்தால் வெப்பத்தில் விரல்கள் வீங்கி மோதிரம் இறுகும். கோலின் பிடியை மாறி மாறிப் பற்றியும் விட்டும் நடக்கும் அசைவினால் எங்களில் எவருக்கும் அது நேரவில்லை. முழங்காலைக் காக்கும் என்ற கூற்றை மட்டும் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கங்களில் கோல் சுமையைப் பகிர்வது உண்மை. காலி வீதியைப் போன்ற சமதரையில் அப்பயன் அவ்வளவு தெளிவானதன்று. ஏற்கெனவே மூட்டு வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் தொடங்குவதே முறை.

அணியாக நடப்பவர்களுக்கு இக்கோல்கள் வேறொரு பழக்கத்தையும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. ஹொங்கொங்கில் 1981இல் கூர்க்காப் படையினரின் பயிற்சியாகத் தொடங்கி, பின்னர் ஒக்ஸ்பாம் அமைப்பின் நிதி திரட்டும் நடையாக வளர்ந்த டிரெயில்வோக்கரில், நால்வர் அணி 100 கிலோமீற்றரை 48 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். எமது நடைபவனியும் நால்வர் அணி என்ற அமைப்பையே எடுத்துக்கொண்டிருந்தது, நால்வரும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பது அதன் விதி. கோல் பிடித்தவரின் அடி நீளும், வேகமும் தெரியாமலே கூடும். இருவர் கோலுடனும் இருவர் கோலின்றியும் நடந்தால் அணி இரண்டாகப் பிளந்துவிடும். எனவே ஓர் அணி இதை எடுத்தால் நால்வரும் எடுக்க வேண்டும், இல்லையேல் ஒருவரும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பின்னால் வருபவரின் பாதங்களுக்கு முன்னால் கோல்முனை ஆடுவதால் இடைவெளி விட்டு ஒருவர் பின் ஒருவராகவே செல்ல வேண்டும். பஸ் தரிப்பிடங்களிலும் பாடசாலை வாசல்களிலும் கோல்களை ஒரு கையில் சேர்த்து நிமிர்த்திப் பிடிப்பதை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொள்வது அவசியம். நெருக்கமான நடைபாதையில் கோலைப் பின்னால் வீசிக்கொண்டு போவது, அந்தப் பாதையை நம்பியிருக்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் செய்யும் அநியாயம்.

பழகுவதற்குச் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியுள்ள அகன்ற பாதை அதிகாலையில் மிக ஏற்றது. விகாரமகாதேவி பூங்காவின் புற்றரையில் றப்பரைக் கழற்றிவிட்டுக் கூர்முனையின் பிடிமானத்தையும் உணரலாம். முதலில் கோல்களைப் பட்டியில் தொங்கவிட்டு நிலத்தில் இழுபட விட்டபடி கைகளை இயல்பாக வீசி நடக்க வேண்டும். வலது காலுடன் இடது கை என்ற ஒழுங்கு தானாக வந்த பின்னரே பிடியைப் பற்ற வேண்டும், தள்ளுவது அதற்கும் பிறகு. இந்த வரிசையைக் குழப்புபவர்களுக்குக் கையும் காலும் ஒரே பக்கமாகப் போய்விடும். காலை நடைக்கு வரும் பெரியவர்கள் “பிள்ளை, காலுக்கு என்ன நடந்தது?” என்று அக்கறையுடன் விசாரிப்பார்கள். அவர்களுக்கு நின்று விளக்குவதும் நிதி சேகரிப்புக்கு உதவியது. கோல்களைப் பற்றிக் கேட்டவர்களில் சிலர் நடைபவனியின் நோக்கத்தையும் கேட்டு நன்கொடை தந்தார்கள்.

இந்நாட்டில் நெடுந்தூர நடைபவனிகளுக்குப் பெரும் பயன் உண்டு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்த ‘டிரெயில்’ நடைபவனி தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழ வழிசெய்தது. 2016இல் அதே தூரம் எதிர்த்திசையில் கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நடக்கப்பட்டது. அத்தகைய நடைகளில் சேர விரும்பியும் தூரத்தை எண்ணித் தயங்கும் நடுத்தர வயதினருக்கே இக்கோல்களை நான் முதலில் பரிந்துரைப்பேன். ஐந்து கிலோமீற்றர் நடைபவனிக்கு மட்டும் வருபவர்கள் அந்தப் பணத்தை நன்கொடைப் பெட்டியில் இடலாம்.

வாங்கும்போதே ஒரு சோடிக்கு மேலதிகமாக இரண்டு சோடி றப்பர் பாதங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடைகளில் கிடைக்கும் ஊன்றுகோல் றப்பரின் துவாரம் இக்கோல்களின் மெல்லிய நுனிக்கு மிகப் பெரிது, இரண்டு அடி நடப்பதற்குள் கழன்று விழுந்துவிடும்.