பச்சை வாடை போகுமா? சோயா பால் இயந்திரங்கள்: ஒரு மதிப்பீடு

ஊறவைத்த பருப்பைப் போட்டு, கோடு வரை தண்ணீர் ஊற்றி, பொத்தானை அழுத்தினால் அரை மணி நேரத்தில் சூடான பால். வாரம் மூன்று நான்கு முறை பால் எடுக்கிற வீட்டுக்குச் சோயா பால் இயந்திரம் நிச்சயம் உதவும். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற தொடுதிரைக்கும் பத்து வகை பானங்களுக்கும் பாலின் ருசியோடு சம்பந்தமில்லை. எந்தச் சூட்டில் அரைக்கிறது, பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கவிடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சோயாவில் லிப்பாக்சிஜினேஸ் என்றொரு நொதி இருக்கிறது. பருப்பு உடைந்து தண்ணீரும் காற்றும் பட்டவுடன் அது கொழுப்பில் வேலையைத் தொடங்கிவிடும். பச்சை வாடை பிறப்பது அப்போதுதான். பிறந்த வாடை பிறகு எவ்வளவு கொதித்தாலும் முழுதாகப் போகாது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்த நொதி செயலிழக்கும் என்பதால், கொதிநீரிலேயே பருப்பை அரைக்கும் முறையை 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். முதலில் நீரைச் சூடாக்கி, பிறகு கத்தியைச் சுழற்றும் இயந்திரம் அதே வழியில் போகிறது. பொத்தானை அழுத்திய முதல் நிமிடத்திலேயே அரைக்கும் சத்தம் கேட்டால் அது குளிர்ந்த நீரில் அரைக்கும் மாதிரி, வாடை இருக்கும். சூட்டில் அரைத்தால் புரதம் கொஞ்சம் குறைவாக இறங்கும் என்பது உண்மை. ருசிக்காக அந்த இழப்பை ஏற்கலாம்.

அடுத்தது கொதி. சோயாவில் சபோனின் இருப்பதால் நுரை சீக்கிரமே எழும்பும். பால் பொங்குவதுபோல் தெரியும். உள்ளே இன்னும் கொதிநிலை வந்திருக்காது. நல்ல இயந்திரத்தில் நுரையை உணரும் கம்பி ஒன்று மேலே இருக்கும். நுரை அதைத் தொட்டதும் சூடு நின்று, அடங்கியதும் மீண்டும் தொடங்கும். இப்படி விட்டுவிட்டுப் பத்து நிமிடமாவது கொதிக்க வேண்டும். புரதம் செரிப்பதைத் தடுக்கிற டிரிப்சின் தடுப்பான்கள் போதிய அளவு அழிவது அந்த நேரத்தில்தான். பதினைந்தே நிமிடத்தில் பால் தயார் என்கிற மாதிரிகளை நம்ப வேண்டாம். அப்படி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால், பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, கிளறிக்கொண்டே இன்னும் பத்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள்.

சூடேற்றும் சுருள் பாலுக்குள்ளேயே நிற்கும் பழைய வடிவத்தை வாங்கவே வேண்டாம். கூழ் அதில் ஒட்டிக் கருகும், கழுவுவது பெரும்பாடு. அடித்தட்டு சூடாகும் வடிவம் மேல். அதுவும் பால் ஊற்றியெடுத்த உடனே தண்ணீர் நிரப்பி வைத்தால்தான் சுலபமாகக் கழுவ வரும்.

கூடவே தருகிற அளவுக் கப்பில் பெரும்பாலும் 70, 80 கிராம்தான் பிடிக்கும். அதை 1.2 லிட்டர் நீரில் போட்டால் பால் நீர்த்துப்போகும். ஒரு லிட்டருக்கு 100 கிராம் உலர்ந்த பருப்பு சரியான அளவு. அதைத் தாண்டினால் கூழ் கனத்து அடிப்பிடிக்கும். சாதாரண வெப்பத்தில் 8 மணி நேரம், குளிர்பெட்டியில் 12 மணி நேரம் ஊற வேண்டும். ஒரு பருப்பைப் பிளந்து பாருங்கள்: நடுவில் குழியும் நிறம் வேறான புள்ளியும் இருந்தால் இன்னும் ஊறவில்லை. நீரில் நுரை கட்டிப் புளித்த மணம் வந்தால் அளவு மீறிவிட்டது, பால் திரிந்துபோகலாம்.

“வடிகட்டத் தேவையில்லை” என்ற வாசகத்துக்கு, சக்கை பாலிலேயே இருக்கும் என்று பொருள். மெல்லிய துணியில் பிழிந்தால்தான் நாவில் மண் தட்டாது. பிழிந்த சக்கையில் நார்ச்சத்தும் கொஞ்சம் புரதமும் மிஞ்சும்; ஆனால் ஈரமாக வெளியே வைத்தால் ஒரே நாளில் கெடும். உறையவைத்து, மாவுப் பண்டங்களில் சேர்க்கலாம். பால் குளிர்பெட்டியில் மூன்று நாள் நிற்கும்.

பாலைத் திரித்துச் செய்யும் சோயா பன்னீரான டோஃபுவுக்குப் பால் இன்னும் கெட்டியாக வேண்டும்: 100 கிராமுக்கு 700 மில்லி நீர். இயந்திரத்தின் குறைந்தபட்சக் கோடு அதற்கு மேலே இருந்தால் டோஃபு ஆசையை மறந்துவிடலாம். பால் 75 முதல் 80 டிகிரியில் இருக்கும்போது, லிட்டருக்கு 4 கிராம் உணவுத் தர மக்னீசியம் குளோரைடை அரைக் கப் நீரில் கரைத்து, மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். பிரியும் நீர் தெளிந்த மஞ்சளாக இருந்தால் சரி; வெண்மையாகவே இருந்தால் அதே கரைசல் இன்னும் கொஞ்சம் தேவை. வேகமாகக் கிளறினால் கட்டி உடைந்து பொடியாகிவிடும்.

கடைப் பெட்டிப் பாலோடு ஒப்பிடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பெட்டியில் சேர்க்கிற கெல்லன் கோந்து என்ற கெட்டிப்படுத்தும் பொருள் நஞ்சல்ல. பாலில் கலந்த தூள் அடியில் தங்காமல் இருக்கத்தான் சேர்க்கிறார்கள். பல பெட்டிகளில் கால்சியமும் பி12 உயிர்ச்சத்தும் சேர்க்கிறார்கள். வீட்டுப் பாலில் பி12 அறவே இல்லை, கால்சியமும் மிகக் குறைவு. விலங்கு உணவை முழுதாக விட்டவர்களுக்கு பி12 மாத்திரையோ செறிவூட்டிய உணவோ கட்டாயம். மறுபக்கம், பாதாம் பால் பெட்டிகள் பலவற்றில் பாதாம் 2, 3 சதவீதம் மட்டுமே என்பதைப் பொருட்பட்டியலில் படிக்கலாம். கையால் அளந்து போடுகிறவர்கள் அதன்பின் அந்தப் பட்டியலைப் படிக்காமல் வாங்குவதில்லை.

பருப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. உலகில் விளையும் சோயாவில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கால்நடைத் தீவனத்துக்குப் போகிறது. பாலுக்கும் டோஃபுவுக்கும் போவது சிறு பங்கு. அதனால் காட்டழிப்புப் பழியைச் சோயா பால் குடிப்பவர் மீது போடுவது கணக்குக்கு ஒத்துவராது. அதற்காக, எங்கே விளைந்தது என்று கேட்காமலே வாங்கலாம் என்று பொருளல்ல. அமேசான் காட்டை அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் பெரிய தானிய வணிகர்கள் உடன்பட்டபோது, பக்கத்தில் இருக்கும் பிரேசிலின் செர்ராடோ புல்வெளி அந்த உடன்பாட்டுக்கு வெளியே நின்றது. எனவே பையில் விளைந்த நாடும் அறுவடை ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டு பழைய பருப்பு சரியாக ஊறாது, பாலும் குறைவாகத்தான் இறங்கும். எந்த இயந்திரமும் அதைச் சரிசெய்யாது.