பழைய கணினியில் பென் டிரைவ் ஏறவில்லையா? டிரைவர் விற்கிறவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

விண்டோஸ் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடும் பழைய கணினியில் பென் டிரைவைச் செருகினால் சில சமயம் டிரைவ் எழுத்தே வராது. டிரைவர், அதாவது சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள், இல்லை போலிருக்கிறது என்று தேடிப் பார்த்தால் முதல் பக்கத்திலேயே பெரிய பச்சைப் பொத்தானோடு "யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிரைவர், இலவசம்" என்று ஒரு தளம் வந்து நிற்கும். அந்தப் பொத்தானை அமுக்கிப் பணத்தைத் தொலைத்தவர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியையும் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். தந்திரம் எங்கே இருக்கிறது, உண்மையில் என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொல்வதற்கே இந்தப் பதிவு.

ஏமாற்று பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. இறங்கும் கோப்புக்குள் டிரைவர் எதுவும் இருக்காது. "டிரைவர் அப்டேட்டர்" என்ற மென்பொருளை நிறுவும் கோப்பு அது. நிறுவியவுடன் தானாகவே ஸ்கேன் ஓடும். ஒரு நிமிடத்தில் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள்: இந்த டிரைவர் காலாவதி, அந்த டிரைவர் ஆபத்து. நீங்கள் தேடி வந்த டிஸ்க் டிரைவரும் அந்தப் பட்டியலில் தவறாமல் இருக்கும். அதன் பக்கத்தில் 2001-ஆம் ஆண்டுத் தேதியோ 2006-ஆம் ஆண்டுத் தேதியோ தெரியும். ஸ்கேன் இலவசம், சரிசெய்யப் பணம். பணம் கட்டினால் வேறு மாடலுக்கான சிப்செட் டிரைவர், நெட்வொர்க் டிரைவர் என்று கண்டதையும் ஏற்றிவிடும். இணையம் போகும், சத்தம் போகும், சில கணினிகள் நீலத் திரையோடு நின்றுவிடும். பென் டிரைவ் மட்டும் அப்போதும் வராது, ஏனென்றால் அதன் கோளாறை யாரும் தொடவே இல்லை.

அந்தத் தேதிதான் தூண்டில். எக்ஸ்பியோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிரைவர்களைத் திறந்து பார்த்தால் 1-7-2001 என்று இருக்கும். விஸ்டாவிலும் அதற்குப் பின் வந்த விண்டோஸ்களிலும் 21-6-2006. புத்தம் புதிய கணினியிலும் டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸ் தன் சாதனங்களைப் பட்டியலிடும் இடம்) டிஸ்க் டிரைவின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் இதே 2006-தான் தெரியும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே சாதனத்துக்குச் சமமாகப் பொருந்தும் இரண்டு டிரைவர்கள் இருந்தால் விண்டோஸ் தேதி பிந்தியதை எடுத்துக்கொள்ளும். சாதனத்தைத் தயாரித்தவர் கொடுக்கும் டிரைவர் எப்போதும் ஜெயிக்கட்டும் என்று மைக்ரோசாஃப்ட் தன் டிரைவருக்குப் பழைய தேதியை நிரந்தரமாகப் போட்டுவைத்தது. டிரைவரின் உண்மையான வயதை அறிய வெர்ஷன் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். தேதியைக் காட்டி "உங்கள் டிரைவருக்கு இத்தனை வயது" என்று பயமுறுத்துபவர் இதை அறியாதவராக இருக்க முடியாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பென் டிரைவ், கார்டு ரீடர், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாம் கணினியிடம் தங்களை ஒரே வகுப்பாகத்தான் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன: கிளாஸ் 08. பெரும்பாலானவற்றில் சப்கிளாஸ் 06, புரோட்டோகால் 50 என்று இருக்கும். அந்த வகுப்புக்கு ஒரே பொது டிரைவர் போதும். விண்டோஸ் 2000, விண்டோஸ் எம்இ முதல் இன்று வரை அது விண்டோஸுக்குள்ளேயே வருகிறது. எக்ஸ்பியில் அதன் பெயர் யுஎஸ்பிஸ்டோர்.சிஸ். கிங்ஸ்டன் ஆனாலும் சான்டிஸ்க் ஆனாலும் அதே கோப்புதான் ஓட்டுகிறது. ஆகவே எக்ஸ்பிக்கு, விண்டோஸ் 7-க்கு "உங்கள் மாடல் பென் டிரைவுக்கான டிரைவர்" என்று யார் விற்றாலும் அது பொய்.

டிரைவர் உண்மையிலேயே தேவைப்படும் இடம் விண்டோஸ் 98. அதில் யுஎஸ்பி உண்டு, ஆனால் சேமிப்புச் சாதனத்துக்கான பொது டிரைவர் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் சாதனத்துக்கென்று 98 டிரைவர் கொடுத்த காலம் அது. இன்று அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிட்டன. ஏமாற்றுக்காரருக்கு வசதியான வெற்றிடம் அதுதான். தயாரிப்பாளரின் பெயரையும் 98 என்ற எண்ணையும் போட்டு எதையாவது இறக்க வைக்கிறார்கள்.

உண்மையான 98 டிரைவரை அடையாளம் காண்பது கடினமில்லை. சில நூறு கிலோபைட்தான் இருக்கும். இறங்கிய கோப்பை இயக்காமல், வேறொரு கணினியில் 7-ஜிப் போன்ற மென்பொருளால் விரித்துப் பாருங்கள். .ஐஎன்எஃப் கோப்பு ஒன்று, .சிஸ் கோப்பு ஒன்று, பெரும்பாலும் .பிடிஆர் கோப்பு ஒன்று இருக்க வேண்டும். ஐஎன்எஃப் இல்லையென்றால் அது டிரைவரே இல்லை, அழித்துவிடுங்கள். இருந்தால் நோட்பேடில் திறந்து விஐடி (VID), பிஐடி (PID) என்ற எழுத்துகளைத் தேடுங்கள். தயாரிப்பாளர் எண், சாதன எண் என்று நான்கு நான்கு இலக்கங்களாக இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் சாதனத்தின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால்தான் 98 அந்த டிரைவரை ஏற்கும். சாதனத்தின் எண்ணை எக்ஸ்பி உள்ள கணினியில் செருகி, டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் டிவைஸின் டீடெய்ல்ஸ் பக்கத்தில் படிக்கலாம். 98-இலேயே பார்க்க வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) லோக்கல் மெஷினுக்குக் கீழே எனம் (Enum), அதற்குள் யுஎஸ்பி என்ற கிளையில் இருக்கும். மாடல் பெயரை மட்டும் கேட்டுவிட்டு டிரைவர் கொடுக்கும் தளம் இந்த எண்ணைப் பற்றிப் பேசவே பேசாது.

98 செகண்ட் எடிஷன் வைத்திருப்பவர்களுக்கு வேறு நல்ல வழி உண்டு. பழைய கணினி ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் என்யூஎஸ்பி என்ற இலவசத் தொகுப்பு, விண்டோஸ் எம்இ-யில் இருந்த பொது டிரைவரை 98-க்குக் கொண்டுவருகிறது. ஒருமுறை போட்டால் பெரும்பாலான பென் டிரைவ்கள் ஏறும். மைக்ரோசாஃப்ட் கொடுத்தது அல்ல என்பதை மனதில் வைத்து, முதலில் கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அது விண்டோஸின் சில கோப்புகளை மாற்றும் என்பதால் உங்கள் விண்டோஸ் எந்த மொழியோ அந்த மொழிப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். 98-இன் முதல் பதிப்பில் போடவே கூடாது. மை கம்ப்யூட்டர் பிராப்பர்ட்டீஸில் 4.10.2222 என்று இருந்தால் செகண்ட் எடிஷன், 4.10.1998 என்றால் முதல் பதிப்பு.

போடும் முறையில் அவசரப்பட்டவர்களுக்குத்தான் சிக்கல் வருகிறது. முதலில் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். கணினி தொடங்கும்போது எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் (அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் ஓடும் நிலை) நுழையுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்கும் அன்னோன் டிவைஸ்கள், முன்பு போட்ட பென் டிரைவ் டிரைவர்கள், யுஎஸ்பி 2.0 கன்ட்ரோலர் (போர்ட்டுகளை இயக்கும் சிப்) டிரைவர் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் நீக்குங்கள். வேறு வேறு தயாரிப்பாளரின் 98 டிரைவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தால் ஒன்றையொன்று மல்லுக்கட்டும். பிறகு சாதாரணமாகத் தொடங்கி, ஏதாவது சாதனம் கண்டேன் என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல் கொடுத்து, தொகுப்பை இயக்கி, மறுபடி தொடங்குங்கள். யுஎஸ்பி 2.0 கார்டு போட்டிருந்தால் அதன் டிரைவரை இதற்குப் பிறகுதான் ஏற்ற வேண்டும். கடைசியாகத்தான் பென் டிரைவ். தயாரிப்பாளரின் டிரைவராக இருந்தாலும் இதே வரிசைதான்: டிரைவர் முன்னால், சாதனம் பின்னால். மாற்றிச் செய்தால் அன்னோன் டிவைஸ் என்று பதிந்துவிடும், அதை நீக்காதவரை சரியான டிரைவரைக் கொடுத்தாலும் ஒட்டாது. இடையில் 98 சிடியைக் கேட்டால் சி டிரைவில் விண்டோஸ், ஆப்ஷன்ஸ், கேப்ஸ் என்ற போல்டர் இருக்கிறதா பாருங்கள். பல கணினிகளில் சிடியின் கோப்புகள் அங்கேயே இருக்கும்.

பென் டிரைவ் எந்த வடிவில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்பதும் முக்கியம். 98-க்கு எஃப்ஏடி16, எஃப்ஏடி32 மட்டுமே தெரியும். என்டிஎஃப்எஸ்ஸோ எக்ஸ்ஃபேட்டோ (exFAT) இருந்தால் டிரைவர் சரியாக ஏறிய பிறகும் உள்ளே எதுவும் தெரியாது.

எக்ஸ்பியிலும் 7-இலும் டிரைவர் உள்ளேயே இருக்க, சாதனம் ஏன் வருவதில்லை? முதலில் சந்தேகிக்க வேண்டியது மின்சாரம். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒரு சாதனத்துக்கு 500 மில்லிஆம்பியர் வரைதான் தர வேண்டும் என்பது விதி. 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம் இழுக்கக்கூடும். டிக் டிக் என்று சத்தம் வந்து நின்றுபோனால் அதுதான் காரணம். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு மதர்போர்டோடு நேராக இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள், கேபிளைக் குட்டையானதாக மாற்றுங்கள், முடிந்தால் தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாகக் கொடுங்கள். டிவைஸ் மேனேஜரில் அன்னோன் டிவைஸ் என்று வந்து எண்ணும் 0000 என்று காட்டினால், கணினியால் சாதனத்தின் பெயரையே கேட்டு வாங்க முடியவில்லை என்று பொருள். பெயர் தெரிந்த பிறகுதான் டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையே தொடங்குகிறது. அந்த நிலையில் எந்த டிரைவரும் உதவாது. கேபிள், போர்ட், சாதனம் மூன்றில் ஒன்று பழுது.

இரண்டாவது, எழுத்து மோதல். எக்ஸ்பியில் நெட்வொர்க் டிரைவ் ஒன்று எஃப் என்ற எழுத்தைப் பிடித்திருக்கும்போது பென் டிரைவுக்கும் அதே எஃப் போய்ச் சேர்ந்தால், டிரைவ் மறைந்தது போலத் தெரியும். மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். அங்கே டிஸ்க் தெரிந்தால் வேறு எழுத்து கொடுங்கள். இரண்டு நிமிட வேலை இது. இதற்கு விண்டோஸையே அழித்து மறுபடி ஏற்றிக் கூலி வாங்குகிற பழுதுநீக்குநர்களும் இருக்கிறார்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "ஜிபிடி புரொடெக்டிவ்" என்று வந்தால், டிஸ்க் ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்; எக்ஸ்பியின் 32 பிட் பதிப்பால் அந்த டிஸ்க்கைப் படிக்க முடியாது. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் அடிக்கடி காணலாம். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் ஆன டிரைவை எக்ஸ்பியில் செருகினால் "ஃபார்மேட் செய்யவா" என்று கேட்கும். தயவுசெய்து சம்மதித்துவிடாதீர்கள், உள்ளே இருப்பது போய்விடும். எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்ட் தந்த பெரிய அப்டேட் தொகுப்பு) 2-க்கும் 3-க்கும் எக்ஸ்ஃபேட் படிக்க மைக்ரோசாஃப்டே இலவசமாகக் கொடுத்த அப்டேட்டின் எண் 955704. இல்லையென்றால் வேறு கணினியில் நகல் எடுத்துவிட்டு எஃப்ஏடி32-க்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொடக் கூடாது என்பது அதன் எல்லை.

அலுவலகத்திலிருந்து கழித்த கணினி என்றால் யாராவது வேண்டுமென்றே தடுத்திருக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், யுஎஸ்பிஸ்டோர் வரை போய் ஸ்டார்ட் மதிப்பைப் பாருங்கள். 4 என்றால் முடக்கம், 3 என்று மாற்றினால் திறந்துகொள்ளும். விண்டோஸ் 7-இல் நீல நிற போர்ட் மட்டும் வேலை செய்யவில்லையென்றால் அது வேறு விஷயம்: 7-க்கு யுஎஸ்பி 3.0 இயல்பாகத் தெரியாது. அங்கே தேவைப்படுவது கன்ட்ரோலருக்கான டிரைவர். மதர்போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதுவரை கறுப்பு போர்ட்டில் செருகுங்கள்.

"வேகம் கூட்டும் டிரைவர்" என்றும் ஒன்று விற்கிறார்கள். யுஎஸ்பி 1.1 கன்ட்ரோலரின் உச்சம் நொடிக்கு 12 மெகாபிட். நடைமுறையில் 1 ஜிகாபைட் நகல் எடுக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2.0-க்கு 480 மெகாபிட். அந்த வித்தியாசம் சிப்பில் இருக்கிறது, எந்த மென்பொருளாலும் வராது. யுஎஸ்பி 2.0 பிசிஐ கார்டு ஒன்று போட்டால் வரும். கணினியில் 2.0 சிப் இருந்தும் மெதுவாக ஓடினால் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1-ஆவது, விண்டோஸ் 2000-க்கு சர்வீஸ் பேக் 4 இருக்கிறதா என்று பாருங்கள்.

எதில் கோளாறு என்று பிடிபடவில்லையென்றால் அந்தக் கணினியை லைவ் லினக்ஸ் சிடியில் (விண்டோஸைத் தொடாமல் சிடியிலிருந்தே ஓடும் லினக்ஸ்) தொடங்கிப் பாருங்கள். அங்கே பென் டிரைவ் திறந்தால் போர்ட்டும் சாதனமும் நலம், கோளாறு விண்டோஸில். அங்கேயும் வராமல் வேறு கணினியில் மட்டும் வந்தால் போர்ட்டைக் கவனியுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் அப்டேட்டரை நீக்குவதற்கு முன் சிஸ்டம் ரிஸ்டோரில் (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் வசதி) அது நுழைந்த நாளுக்கு முந்தைய புள்ளியைத் தேடுங்கள். புள்ளி இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் கெட்டுப்போன ஒவ்வொரு சாதனத்துக்கும் ரோல் பேக் டிரைவர் (முந்தைய டிரைவருக்குத் திருப்புவது) கொடுங்கள். பிறகு அப்டேட்டரையும், அதே நாளில் கூடவே நுழைந்த பிரவுசர் டூல்பார், "கிளீனர்" போன்றவற்றையும் நீக்குங்கள். உதவி செய்கிறேன் என்று யாரையாவது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய விட்டிருந்தால், முதலில் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அந்த மென்பொருளை நீக்கி, கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். கார்டில் கட்டிய பணம் பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவாகவே பதிவாகியிருக்கும், மென்பொருளை நீக்கினால் அது நிற்காது. வங்கியிடம் பேசி, கட்டிய தொகையைத் திரும்பக் கேட்பதோடு, தானாகப் பிடிக்கும் அனுமதியையும் ரத்து செய்யச் சொல்லுங்கள். ரத்தானதற்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.