வேலிக்கு எது: செம்பருத்தியா, இட்லிப்பூவா?

ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவரை இடத்துக்குப் பஞ்சமில்லை. வாசலில் எந்தக் குச்சியை ஊன்றினாலும் அது பாட்டுக்குப் பரந்து வளர்ந்தது. இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடு வாங்கி வருகிறவர்களுக்கு, வீட்டுச் சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவே கிடைப்பது சில அடி மண்தான். அதிலேயே காலையில் சாமிக்குப் பூவும் கிடைக்க வேண்டும், தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு மறைப்பாகவும் இருக்க வேண்டும். பெரும்பாலும் போட்டி செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும்தான்.

செம்பருத்தியை வைக்க யாரும் யோசிப்பதில்லை. மலாயில் 'புங்கா ராயா' என்று கொண்டாடும் பூ ஆயிற்றே! 1960-ல் தேசிய மலராக அறிவித்தார்கள். ஐந்து இதழும் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கொள்கையின் ஐந்து கோட்பாடுகள் என்று பள்ளியில் சொல்லிக் கொடுப்பார்கள்; ஆனால் ருக்குன் நெகாரா வந்ததே 1970-ல்தான். பூவுக்குப் பட்டம் முதலில் கிடைத்தது, அந்த விளக்கம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

வளர்ப்பது சுலபம். பென்சில் கனத்தில் முற்றிய குச்சியை வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மண்ணில் ஊன்றினால் சில வாரங்களில் வேர் விடும். நல்ல வெயில் பட்டால் வருஷம் முழுக்கப் பூக்கும். அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் சிவப்புப் பூ, தலைக்குத் தேய்க்க இலை என்று ஒரே செடியில் இரண்டு வேலை நடக்கும். இதற்கெல்லாம் ஒற்றை அடுக்குச் சிவப்பே போதும். நர்சரியில் தட்டு மாதிரி விரிந்து கண்ணைப் பறிக்கும் கலப்பினங்களுக்குப் பராமரிப்பு அதிகம்.

குறையும் உண்டு. சாதாரண வகையில் ஒரு பூவின் ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். செடியோ ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும், அடிக்கடி வெட்ட வேண்டும். பெரிய தொல்லை மாவுப்பூச்சி. தளிரில் வெள்ளையாகப் பஞ்சு படிந்து இலை சுருண்டால் அதுதான். அது சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும். அந்தக் கிளையை நறுக்கி எறிந்துவிட்டு, சோப்புத் தண்ணீரோ வேப்பெண்ணெயோ அடிக்க வேண்டும். அப்புறம் ஆடு மாடு. செம்பருத்தி இலை அவற்றுக்கு நல்ல தீனி. வெட்சி சூடிப் போய் ஆநிரை கவர்ந்தது சங்க காலம். இங்கே ஆநிரையே வந்து நம் வேலியைக் கவர்கிறது.

அந்த வெட்சிதான் நம் இட்லிப்பூ. சிவப்பு வெட்சியின் சொந்த ஊர் தென்னிந்தியாவும் இலங்கையும். காப்பிச் செடியின் குடும்பம். இங்கே மலாய்க்காரர்கள் ஜெஜாரும் என்பார்கள். பூ சிறியது, ஆனால் கொத்தாகப் பூப்பதால் ஒரு கொத்து வாரக்கணக்கில் நிற்கும். அடர்த்தியாக, மெதுவாக வளரும். குறுகிய இடத்துக்கு இந்த நிதானம்தான் வரம். குட்டை வகை வைத்தால் இடுப்பளவில் நிறுத்திவிடலாம். மறைப்புக்கு அது போதாது, உயர வகையைக் கேட்டு வாங்குங்கள். குச்சி வேர்விடச் செம்பருத்தியைவிட நாளாகும் என்பதால், அவசரக்காரர்கள் பையில் வளர்ந்த கன்றாகவே வாங்கிவிடுவது நல்லது.

இட்லிப்பூ தோற்கும் இடம் ஒன்று உண்டு: புது வீட்டுச் சிமெண்டுச் சுவர். இதற்கு அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். ரப்பர் நின்ற நம் பக்கத்து மண் பொதுவாக அப்படித்தான். ஆனால் சுவரோரம் கொட்டிக் கிடக்கும் கலவையிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் குணத்தை மாற்றிவிடும். புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் செடிக்கு இரும்புச் சத்து எட்டவில்லை என்று அர்த்தம். பலர் இதைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் உரம் கொட்டுகிறார்கள். அது வீண். கட்டட இடிபாட்டைத் தோண்டி எடுத்து, மட்கிய உரம் கலந்த மண்ணை நிரப்பி, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நட வேண்டும்.

வேறு எதுவும் ஆகாதா என்றால், நந்தியாவட்டை ஆகும். வெயில் குறைந்த வீட்டுக்கு அதுவே சரி, சிவன் பூசைக்கு வெள்ளைப் பூவும் கிடைக்கும். அரளியை மட்டும் நான் சொல்ல மாட்டேன். மாடு தொடாது என்று சிலர் வைக்கிறார்கள். தொடாததற்குக் காரணம் செடி முழுக்க இருக்கும் விஷம், அது இதயத்தைத் தாக்கும். வெட்டிய கிளையை எரித்தால் புகையும் ஆகாது. பிள்ளைகள் விளையாடும் வீட்டு வாசலில் அது எதற்கு?

என் கணக்கில் தாமான் வீட்டு வேலிக்கு இட்லிப்பூதான். சாமிக்கும் தலைக்கும் மூலையில் ஒரே ஒரு செம்பருத்தி, அதுவும் கேட்டுக்கு உட்பக்கம். எதை வைத்தாலும், வாராவாரம் கத்தரித்துச் சதுரமாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இரண்டுக்குமே பூ வருவது புதுத் தளிர் நுனியில். அதை வெட்டி எறிந்தால் பச்சைச் சுவர்தான் மிஞ்சும். ஒரு சுற்று பூத்து முடிந்ததும் வெட்டினால் போதும்.