நியோப்ரீன் வார்: நான்கு சீசனுக்குப் பிறகு

ரைஃபிளைத் தோளில் மாட்ட எந்த வார் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நியூசிலாந்துக் காட்டில் செம்மான் வேட்டைக்குப் போகப் போகிறவர். கடையில் கைக்கு முதலில் வருவது அகலமான நியோப்ரீன் (நுரை ரப்பர்) வார்தான். நான்கு சீசன் பயன்படுத்திய பிறகு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் நல்லது. ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) 4 கிலோ வரும் ரைஃபிள் தோளில் கனக்கவே கனக்காது. ரப்பர் மெத்தை பாரத்தைப் பரப்பிவிடும். நாள் முழுக்க நடந்தாலும் தோளில் தடம் விழாது. மழையில் நனைந்தாலும் கெட்டுப்போகாது.

எரிச்சலும் அதே ரப்பரால்தான். அது இழுபடும். ஒவ்வொரு அடிக்கும் ரைஃபிள் மேலும் கீழும் குதிக்கும். குதிக்கக் குதிக்க வார் தோளின் ஓரத்துக்கு நகரும். முதுகுப்பையின் பட்டைமேல் மாட்டினால் பத்து அடிக்கு ஒருமுறை வழுக்கும். உள்பக்கத்து ரப்பர் புள்ளிகள் கம்பளிச் சட்டையைப் பிடிக்கும். மழைக்கோட்டின் வழவழப்பில் பிடிக்காது. கடைசியில் ஒரு கை எப்போதும் வாரைப் பிடித்தபடியே இருக்க வேண்டியதுதான். சரிவில் வேரைப் பிடித்து ஏற வேண்டிய இடத்தில் அந்தக் கை இல்லாமல் போவது சின்ன விஷயமல்ல. பையின் தோள்பட்டையில் வெளி ஓரமாகப் பெரிய கோட்டுப் பொத்தான் ஒன்றை அழுத்தமாகத் தைத்தால் வழுக்குவது பெரும்பாலும் நிற்கும். குதிப்பது நிற்காது.

நியூசிலாந்தில் பலரும் குழலின் நுனியில் சப்ரசர் (சுடும் சத்தத்தைக் குறைக்கும் உருளை) மாட்டுகிறார்கள். முன்பாரம் கூடுவதால், குழல் மேல்நோக்கி இருந்தால் ரைஃபிள் பின்னால் சாயும். சப்ளிஜாக் என்ற காட்டுக்கொடியில் மாட்டி இழுக்கும். அடர்ந்த காட்டில் எனக்குப் பிடித்தது குழல் கீழ்நோக்கிய முறை. வலக்கைக்காரர் இடத்தோளில் மாட்டி, ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்) முன்பக்கம் பார்க்க, இடக்கையால் முன்கட்டையை (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் பகுதி) பிடிக்க வேண்டும். கொடியில் சிக்காது, மழைநீர் குழலுக்குள் இறங்காது, தூக்கிக் குறிவைப்பதும் வேகம். ஆனால் இறக்கத்தில் குழல்வாய் மண்ணில் குத்தலாம். மண் அடைத்த குழலில் சுட்டால் குழலே வெடிக்கலாம். குழல்வாயை மூடி ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். அதோடு சுடலாம், குறி மாறாது. தரையில் இடித்துவிட்டால் தோட்டாவை எடுத்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) கழற்றி, பின்புறமிருந்து குழலுக்குள் பார்த்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். எந்த முறையில் மாட்டினாலும் சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் அறை) காலியாக இருக்கட்டும். சுடத் தயாரான பிறகே தோட்டா ஏற்றுவது என்பது அந்நாட்டின் ஏழு அடிப்படைத் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று.

இரட்டைத் தோள் வார்கள் கையை விடுவிக்கும். முதுகில் பை இருந்தால் அவற்றுக்கு இடமில்லை.

வாரைவிட முக்கியம் அது மாட்டும் ஸ்டட், அதாவது ரைஃபிள் கட்டையில் திருகிய சிறு உலோகக் குமிழ். மரக்கட்டையில் திருகிய பின்பக்க ஸ்டட், குதிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கிளம்பும் முன் விரலால் திருகிப் பாருங்கள். முன் ஸ்டட்டின் உள்ளே நட் இருந்தால் நீல நிற த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். ஸ்விவல் (வாரை ஸ்டட்டோடு இணைக்கும் வளையம்) ஸ்டட்டில் உரசி 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை இடையில் போடுங்கள். மான் அந்தச் சத்தத்தைக் கேட்கும்.

மெல்லிய பிளாஸ்டிக் கட்டை என்றால் இன்னொன்று: வாரைக் கையில் சுற்றி இறுக்கிச் சுட்டால் முன்கட்டை வளைந்து குழலைத் தொடும், குண்டு இடம் மாறும். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை விட்டு, வாரை இழுத்துப் பாருங்கள். காகிதம் சிக்கினால் வாரை இறுக்காமல் சுடுங்கள்.

இவ்வளவு சொகுசு என்று சொல்லிவிட்டும் நியோப்ரீனை வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. என் மதிப்பெண் 5க்கு 2. சுமார் 3 செ.மீ. அகலத்தில், உள்பக்கம் சொரசொரப்பான சாதாரணத் தோல் வார் வாங்குங்கள். முதல் சீசனில் கொஞ்சம் நீளும், ஒரு துளை உள்ளே தள்ளிக்கொள்ளலாம். நனைந்தால் அடுப்பருகே வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். எண்ணெய் கொஞ்சமாக, இல்லாவிட்டால் துவண்டுபோகும். தோளை அழுத்தத்தான் செய்யும். ஆனால் குதிக்காது.